ஆறு வாரம், 38,000 ரூபா, ஒழுகுற ஷேக்கர்: என் பார்டெண்டிங் கோர்ஸ் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இன்ஸ்டிட்யூட் பேர போட மாட்டேன். அங்க எங்களுக்கு சொல்லிக்குடுத்த சார் இன்னும் அங்கதான் இருக்காரு, அவரு மேல ஒரு குறையும் கிடையாது, கவுன்டர்ல உக்காந்து அட்மிஷன் போடறவங்க மேலதான் கடுப்பு, பேர போட்டா அடி விழப்போறது சாருக்குதான். சென்னை, மெட்ரோ ஸ்டேஷன்லேந்து நடக்கற தூரம், மாடில ரெண்டு ரூம், கீழ ஒரு ஜெராக்ஸ் கடை. இவ்ளோ போதும். சேர்றதுக்கு முன்னாடி நான் டெமோ பாத்த மூணு இடமும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருந்துச்சு, அதனால எங்க சேர யோசிக்கறவங்களுக்கும் இது உதவும்.

நான் பிகாம். ரெண்டு வருஷம் ஒரு ஆபீஸ்ல இன்வாய்ஸ் என்ட்ரி போட்டுட்டு இருந்தேன், அலுத்துப்போச்சு. பார்டெண்டர் ஆகலாம்னு எப்படி தோணுச்சுன்னு கேக்காதீங்க, எனக்கே சரியா தெரியல, கோவா ட்ரிப்ல ஒரு பார்ல ஒருத்தர் வேலை செய்யறத ரெண்டு மணி நேரம் வாய பொளந்து பாத்துட்டு இருந்தேன், நான் குடிக்கக்கூட மாட்டேன், ஃப்ரெஷ் லைம் சோடாதான் வாங்கி வச்சிருந்தேன். வீட்ல சொன்னப்ப அம்மா கேட்டது ஒரே கேள்வி, "ஏன்டா, பிகாம் படிச்சிட்டு டாஸ்மாக்ல வேலைக்கு போறேங்கற?"

இது அம்மா மட்டும் கேக்கற கேள்வி இல்ல, நெறைய பேருக்கு இந்த குழப்பம் இருக்கு. டாஸ்மாக்னா 1983ல ஆரம்பிச்ச அரசு கம்பெனி, 2003லேந்து சில்லறை விற்பனையும் அவங்க கைலதான். அங்க கடைல பாட்டில் விப்பாங்க, ஒட்டி இருக்கற பார்ல கிளாஸ், தண்ணி, சுண்டல், ஆம்லெட். கலக்கிக் குடுக்கறதுக்கு அங்க ஆளே தேவையில்ல, வர்றவங்களே கலந்துக்குவாங்க. நம்ம வேலை இருக்கறது ஹோட்டல் பார்லயும் கிளப்லயும்தான், எஃப்எல்3, எஃப்எல்2ன்னு லைசென்ஸ் வாங்குன இடம். பெங்களூரு மாதிரி தெருவுக்கு ஒரு பப் இங்க கிடையாது, அதனால சென்னைல கோர்ஸ் முடிச்சுட்டு சென்னைலயே வேலை தேடினா கதவு கம்மின்னு மனசுல வச்சுக்கோங்க. இத எந்த அட்மிஷன் கவுன்டர்லயும் சொல்ல மாட்டாங்க.

ஃபீஸ் 38,000, ஆறு வாரம், வாரத்துக்கு 5 நாள், தெனம் 3 மணி நேரம். "கிட் ஃப்ரீ, சர்டிபிகேட் இன்டர்நேஷனல், பிளேஸ்மென்ட் 100 பர்சன்ட்"னு போர்டே மாட்டிருந்தாங்க. மூணையும் வரிசையா சொல்றேன், ஆனா மொதல்ல நல்லத சொல்லிடறேன், ஏன்னா நல்லது நிஜமாவே நல்லா இருந்துச்சு.

சார் கப்பல்ல பல வருஷம் பார்ல இருந்தவரு. முதல் நாள் நாங்க 22 பேரும் பாட்டில தூக்கிப்போட்டு புடிக்கலாம்னு போய் நிக்கறோம், அவரு ஒரு பாத்திரத்துல கொதிக்கற தண்ணி, ஒரு ட்ரே கிளாஸ், ஆளுக்கொரு துணி, அவ்ளோதான் வச்சாரு. கிளாஸ ஆவில காட்டணும், துணியால உள்ள வெளிய தொடைக்கணும், விரல் நேரா கண்ணாடில படவே கூடாது, அப்புறம் லைட்டுக்கு நேரா தூக்கிப் பாக்கணும். ஒரு நூல் ஒட்டியிருந்தாலும் திருப்பிக் குடுத்துடுவாரு. மூணு மணி நேரமும் இதேதான். அடுத்த நாள் 22 பேர்ல 4 பேர் வரல. எனக்கும் 38,000 ரூபா குடுத்து கிளாஸ் கழுவ வந்திருக்கோமேன்னு வயிறெரிஞ்சுது, ஆனா பின்னாடி வேலை கெடச்சதே இதனாலதான், அத அப்புறம் சொல்றேன்.

ரெண்டாவது வாரம் ஊத்தற பயிற்சி. பாட்டில் வாய்ல ஸ்பவுட் மாட்டி, மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே ஊத்தணும், சார் எண்ற வேகத்துல 4 வந்தா 30 எம்எல், அதாவது ஒரு ஸ்மால். லார்ஜ்னா 60. ஏன் இவ்ளோ கறார்னு ஒரு பையன் கேட்டான். சார் போர்டுல கணக்கு போட்டாரு: ஃபுல் பாட்டில் 750, 30ஆ ஊத்தினா 25 பெக். கை தாராளமாகி 35ஆ போச்சுன்னா 21 பெக்தான், நாலு பெக் காசு அப்படியே போச்சு, ஒரு பாட்டில்ல நாலு, ராத்திரிக்கு எத்தன பாட்டில்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்கன்னாரு. இன்வாய்ஸ் போட்ட எனக்கு அந்த கணக்கு டக்குனு ஏறிடுச்சு. (பெரும்பாலான ஹோட்டல்ல பெக் மெஷர் இல்லாம ஊத்தவே விட மாட்டாங்க, அது வேற விஷயம், ஆனா கை பழகினவனுக்கு மெஷர் இருந்தாலும் சிந்தாது.)

வீட்ல பழக ஒரு ஐடியா சொல்றேன், இதுக்கு பெருசா காசு வேணாம். பழைய பேப்பர் கடைல காலி ஃபுல் பாட்டில் வாங்கிட்டு வாங்க, ஸ்பவுட் ரெண்டு ஆன்லைன்ல வாங்குங்க, சமையல்ரூம் தராச எடுத்து கிளாஸ வச்சு ஜீரோ பண்ணுங்க. தண்ணி 1 எம்எல் 1 கிராம். ஊத்துங்க, 30 காட்டுதா பாருங்க. முதல் நாள் எனக்கு 22, 41, 36ன்னு ஜாதகம் மாதிரி நம்பர் வந்துச்சு. மூணாவது வாரம் 29, 30, 31ன்னு வந்து நின்னுடுச்சு. தெனம் 100 தடவை ஊத்தினேன், சும்மா சொல்லல. இதுல ஒரு கூத்து, வாங்கின 12 பாட்டிலையும் கழுவி மொட்டமாடில காயப்போட்டேன், வடாம் காயப்போட மேல வந்த ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி அதப் பாத்துட்டு கீழ வந்து அம்மாகிட்ட ரொம்ப மெதுவா, "பையனுக்கு ஏதாவது பிரச்சினையாம்மா, நல்ல டாக்டர் இருக்காரு"ன்னுட்டாங்க. அம்மா ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

மூணாவது வாரம் ஷேக்கிங். புளிப்பு, முட்ட வெள்ள, க்ரீம் இதெல்லாம் சேர்ந்தா ஷேக் பண்ணணும், வெறும் சரக்கும் வெர்மூத்தும் (மூலிகை போட்ட ஒயின்) மட்டும்னா ஸ்பூன் போட்டு கிளறணும், இது அடிப்படை. ஆனா எவ்ளோ நேரம் ஷேக் பண்ணணும்னு சார் செகண்ட் கணக்கு குடுக்கல. "தம்பி, கைய பாக்காத, சத்தத்த கேளு"ன்னாரு. ஐஸ் மொதல்ல கடகடன்னு கல்லு மாதிரி அடிக்கும், போகப்போக முனை மழுங்கி சத்தம் அமுங்கும், அதே சமயம் டின் வெளிப்பக்கம் வெள்ளையா பூத்து விரல்ல ஒட்டும், அங்க நிறுத்தணும். நான் வாட்ச் வச்சு பாத்தேன், பத்து பன்னெண்டு செகண்ட் வந்துச்சு. அதுக்கும் மேல ஆட்டினா தண்ணி ஏறிடும். ஐஸ் உருகற தண்ணியும் ரெசிபில ஒரு பொருள்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது. சென்னை வெக்கைல பக்கெட்ல ரொம்ப நேரம் கெடந்த ஐஸ் ஈரமா இருக்கும், அத போட்டா அடிக்கறதுக்கு முன்னாடியே டிரிங்க் நீர்த்துப்போகும், அதனால மெஷின்லேந்து அப்பப்ப அள்ளுன்னு திட்டிட்டே இருப்பாரு.

டேஸ்ட் பாக்கறது எப்படின்னு எனக்கு பயம் இருந்துச்சு, குடிக்காதவன் எப்படி பார்டெண்டர் ஆவான்னு. ஸ்ட்ராவ டிரிங்க்ல விட்டு மேல ஓட்டைய விரலால மூடி எடுத்தா ரெண்டு மூணு சொட்டு நிக்கும், அத நாக்குல விட்டுப் பாத்தா போதும், உலகம் முழுக்க பார்ல இப்படித்தான் பாக்கறாங்க. 60 சரக்கு, 30 எலுமிச்ச, 30 சர்க்கரை பாகு, இதுல ஆரம்பிச்சு நாக்குக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைக்கணும். இந்த எடத்துல நான் பேட்ச்ல ஃபர்ஸ்ட், ஏன்னா அம்மா ரசத்துக்கு "உப்பு பாருடா"ன்னு என்னத்தான் கூப்பிடுவாங்க. எலுமிச்சம்பழத்த தோல் வரைக்கும் நசுக்கி பிழிஞ்சா கசக்கும்னு சார் சொன்னப்ப, புதினாவ மட்லர (அமுக்கற குட்டி உலக்கை) வச்சு இடிக்காத, சும்மா அமுக்கு, இல்லன்னா கசக்கும்னு சொன்னப்ப, இதெல்லாம் நம்ம வீட்டு அடுப்படில கேட்டதுதானேன்னு இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன், "அப்ப எனக்கு தர சொல்லு அந்த சர்டிபிகேட்ட"ன்னாங்க. பேச ஆரம்பிச்சதே அன்னிக்குதான்.

இப்ப குறைக்கு வர்றேன். 22 பேருக்கு ஸ்டேஷன், அதாவது நின்னு பழகற கவுன்டர், ரெண்டே ரெண்டு. 3 மணி நேரத்துல நம்ம கை ஷேக்கர்ல படறது 15 நிமிஷம். மீதி நேரம் அடுத்தவன் பண்றத பாக்கணும், இல்ல பிரிண்ட்அவுட் படிக்கணும். நிஜ சரக்கு வச்சு செஞ்சது ஆறு வாரத்துல 4 நாள்தான், மத்த நாள் எல்லாம் டீ டிகாஷன்தான் விஸ்கி, கலர் தண்ணிதான் காம்பாரி (செவப்பா, கசப்பா இருக்கற ஒரு மது). பழகறதுக்கு அது ஓகேதான், சரக்கு விலைக்கு தெனம் ஊத்த முடியாதுன்னு எனக்கும் புரியுது, ஆனா நெக்ரோனிங்கற காக்டெயில்ல ஜின்னும் காம்பாரியும் ஸ்வீட் வெர்மூத்தும் சமமா 30, 30, 30 போட்டா ஏன் கசப்பு தூக்காம நிக்குதுன்னு கலர் தண்ணில எப்படி தெரியும்? ஒரே ஒரு நாள் செஞ்சோம், ஆளுக்கு ஒரு ஸ்ட்ரா.

கிட்டு ஒரு தனி கதை. ஷேக்கர் மூடி டைட்டா உக்காராது, அடிச்சா முழங்கை வரைக்கும் ஒழுகும். மட்லர் மரத்துல வார்னிஷ் அடிச்சது, ரெண்டாவது வாரமே உரிஞ்சு மொஹிட்டோல மிதந்துச்சு, தயவுசெஞ்சு வார்னிஷ் அடிச்ச மட்லர் வாங்காதீங்க, வெறும் மரமோ ஸ்டீலோ வாங்குங்க. பெக் மெஷர் மேல 30ன்னு குத்தியிருக்கு, தராசுல வச்சு பாத்தா 27தான் புடிக்குது. எடை அளவு டிபார்ட்மென்ட் முத்திரை கித்திரை ஒண்ணும் இல்ல. நான் இத கவுன்டர்ல போய் கேட்டேன், அந்த மேடம் "ப்ராக்டிஸுக்கு தானே சார்"ன்னாங்க. ப்ராக்டிஸே தப்பான அளவுல பண்ணி என்னத்துக்கு ஆகறது?

சர்டிபிகேட்ல பெரிய பூகோள உருண்டை போட்டு இன்டர்நேஷனல்னு அடிச்சிருக்காங்க. எந்த நாட்டுல செல்லும்னு கேட்டா பதில் வரல. இதுவரைக்கும் என்கிட்ட அத யாரும் கேக்கவும் இல்ல. உலகம் பூரா ஒத்துக்கற பேப்பர் வேணும்னா டபிள்யூஎஸ்ஈடின்னு ஒயின், சரக்கு பத்தி சொல்லித்தர்ற, லண்டன்ல 1969ல ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, அவங்க ஸ்பிரிட்ஸ் கோர்ஸ் லெவல் லெவலா இருக்கு, அது தனி செலவு. காக்டெயில் ரெசிபிக்கு ஐபிஏ, அதாவது 1951லேந்து இருக்கற சர்வதேச பார்டெண்டர் சங்கம், அவங்களோட லிஸ்ட் சைட்ல சும்மாவே கெடக்குது. எங்களுக்கு குடுத்த 60 பக்க "ஸ்டடி மெட்டீரியல்"ல பாதி அதுலேந்து எடுத்ததுதான், ஸ்பெல்லிங் மிஸ்டேக் மட்டும் சொந்தம். டியாஜியோங்கற சரக்கு கம்பெனியோட பார் அகாடமியும் ஆன்லைன்ல ஃப்ரீ. ப்ளஸ் டூ முடிச்சு நேரா இந்த லைனுக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க தரமணி ஐஹெச்எம் (ஹோட்டல் மேனேஜ்மென்ட் காலேஜ்) மாதிரி அரசு இன்ஸ்டிட்யூட்ட மொதல்ல பாருங்க, அங்க டிகிரியும் உண்டு, எஃப் அண்ட் பி (சாப்பாடு, பானம் பரிமாற்றது) சர்வீஸ்ல சின்ன சர்டிபிகேட் கோர்ஸும் உண்டு. எனக்கு வயசும் காசும் டைமும் ஒத்துவரல.

பிளேஸ்மென்ட் 100 பர்சன்ட். கேளுங்க இத. கோர்ஸ் முடிஞ்ச மறுவாரம் ஃபோன் வந்துச்சு, "சார் உங்களுக்கு பிளேஸ்மென்ட், கருப்பு பேண்ட் கருப்பு ஷூ போட்டுட்டு வாங்க"ன்னு. எங்கன்னா ஒரு கல்யாண மண்டபம், ரிசப்ஷன்ல மாக்டெயில் (சரக்கு சேக்காத காக்டெயில்) கவுன்டர், ஒரு நாளைக்கு 700 ரூபா. நீல கலர் சிரப், சோடா, எலுமிச்ச, மேல ஒரு செர்ரி. ஏழு மணிக்கு சின்ன பசங்க ஒரு படையே வந்துச்சு, "அண்ணா எனக்கு ப்ளூ, அண்ணா எனக்கு டபுள் செர்ரி"ன்னு, ஒருத்தன் ஏழு தடவை வந்தான், நாக்கு ஊதா கலர்ல இருந்துச்சு. இத போய் பிளேஸ்மென்ட்னு கணக்குல எழுதிக்கிட்டாங்க, அத நெனச்சா இன்னும் எரியுது. ஆனா ஒண்ணு சொல்லணும், ஒரே ராத்திரில 400 கிளாஸுக்கு மேல ஊத்தினேன், எத எங்க வச்சா கை கம்மியா நகரும்னு அந்த கவுன்டர்லதான் கத்துக்கிட்டேன். மூணு முகூர்த்தம் போனேன்.

நிஜ வேலை நானே தேடினதுதான். இதுக்கு சார் குடுத்த ஒரே டிப், மத்தியானம் மூணு மணிக்கு போ, லன்ச் முடிஞ்சு டின்னர் ஆரம்பிக்கறதுக்கு நடுவுல, அப்பதான் பார் மேனேஜருக்கு உன் மூஞ்சிய பாக்க நேரம் இருக்கும். ரெஸ்யூமே பிரிண்ட் எடுத்துக்கிட்டு 9 ஹோட்டல் ஏறி இறங்கினேன். ஒம்போதாவது எடத்துல மேனேஜர் சர்டிபிகேட்ட திருப்பிக்கூட பாக்கல, விஸ்கிக்கும் பிராந்திக்கும் என்னப்பா வித்தியாசம்னு கேட்டாரு, ஒண்ணு தானியம் ஒண்ணு திராட்சைன்னேன், சரி இந்த ட்ரேல இருக்கற கிளாஸ தொடைன்னாரு. தொடச்சேன். லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தேன். அவரும் பாத்தாரு. நாளைலேந்து வான்னுட்டாரு.

வேலை பார்டெண்டர் இல்ல, பார்பேக். ஐஸ் அள்றது, எலுமிச்ச வெட்றது, பாகு காய்ச்சறது, ஸ்டாக் எண்றது, கிளாஸ் கிளாஸ் கிளாஸ். சம்பளம் 13,000, டிப்ஸ்ல பங்கு, ஒரு வேளை சாப்பாடு, வீட்டுக்கு வர ராத்திரி ஒண்ணு ஒன்றரை ஆகும், நைட் பஸ் கணக்கு தெரிஞ்சு வச்சுக்கோங்க. ரீல்ஸ்ல வர்ற மாதிரி நெருப்பெல்லாம் ஒண்ணும் கிடையாது, இங்க வர்றவங்க கேக்கறது பிராந்தி லார்ஜ், விஸ்கி சோடா, பீர், வீக்எண்ட்ல லாங் ஐலண்ட் காக்டெயில். ஃபிளேர்ல, அதாவது பாட்டில தூக்கிப்போட்டு புடிக்கற வித்தைல, போன ரெண்டு வார கிளாஸ இதுவரைக்கும் ஒரு தடவகூட யூஸ் பண்ணல. அந்த ரெண்டு வாரத்துல ஸ்டாக் எடுக்கறதும் பிஓடி (பார் ஆர்டர் டிக்கெட்) பில்லு எழுதறதும் சொல்லிக்குடுத்திருந்தா முதல் மாசம் நான் அவ்ளோ திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

கோர்ஸ்ல சொல்லாம விட்டதுலயே பெரிய விஷயம் இதுதான், நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டாவது சனிக்கிழம ராத்திரி, டிஷ்வாஷர்லேந்து சூடா வந்த கிளாஸ எடுத்து அவசரத்துல அதாலயே ஐஸ அள்ளிட்டேன். டக்குனு ஒரு சத்தம், கிளாஸ் விரிஞ்சு ஒரு துண்டு ஐஸ் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு. கண்ணாடியும் ஐஸும் ஒரே கலர், தேடினா கெடைக்காது, கஸ்டமர் தொண்டைலதான் கெடைக்கும். சீனியர் அண்ணன் ஒரு வார்த்த பேசல, கிரெனடின் சிரப் பாட்டில எடுத்து தொட்டி பூரா சிவப்பா ஊத்திட்டாரு, இனி யாரும் தெரியாமகூட அதுலேந்து அள்ளக்கூடாதுன்னு அடையாளம். அப்புறம் சுடுதண்ணி ஊத்தி மொத்தமும் உருக்கி, தொட்டிய தொடச்சு, திரும்ப நெரப்பி, 20 நிமிஷம் பார் நின்னுபோச்சு, சனிக்கிழம ஒம்போதர மணிக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் "ஸ்கூப் எதுக்குடா தம்பி வாங்கி வச்சிருக்கு?"ன்னு மட்டும் கேட்டாரு. அன்னிலேந்து கனவுலகூட ஸ்கூப்லதான் அள்றேன்.

எங்க பேட்ச்ல நாகர்கோவில் பொண்ணு ஒருத்தங்க இருந்தாங்க, எங்க எல்லாரையும் விட கை சுத்தம். அட்மிஷன் அப்பவே அந்த மேடம் "கேர்ள்ஸுக்கு பிளேஸ்மென்ட் கஷ்டம், பாத்துக்கோங்க"ன்னு சொல்லியிருக்காங்க, ஃபீஸ் மட்டும் அதே 38,000. சார் இத கேள்விப்பட்டு கிளாஸ்ல ஒரு நாள் முழுக்க இதப்பத்தியே பேசினாரு. பஞ்சாப் எக்சைஸ் சட்டம்னு 1914ல போட்டது, மது பரிமாற்ற எடத்துல பொம்பளைங்களும் 25 வயசுக்கு கீழ இருக்கற ஆம்பளைங்களும் வேலை பாக்கக்கூடாதுன்னு அதுல இருந்துச்சு, டெல்லிலயும் அதான் நடப்புல இருந்துச்சு, அது செல்லாதுன்னு 2007ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மும்பைல ஷத்பி பாசு அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே பார்டெண்டரா இருந்து, அப்புறம் பார்டெண்டிங் ஸ்கூலே நடத்தினவங்க. அந்த பொண்ணு இப்ப பெங்களூருல வேலைல இருக்காங்க, பார்பேக் இல்ல, பார்டெண்டர். எங்க பேட்ச்ல மொதல்ல அந்த பட்டம் வாங்கினது அவங்கதான்.

கப்பல் ஆசைல வர்றவங்களுக்கு ஒரு வார்த்த. இன்ஸ்டிட்யூட்லயே ஒருத்தரு வந்து "குரூஸ் வேலை, ஒன்றரை லட்சம் கட்டினா போதும்"னு பேசினாரு. ஏமாறாதீங்க. கப்பலுக்கு ஆள் எடுக்கற ஏஜென்ட்டுக்கு டிஜி ஷிப்பிங் (கப்பல் துறைய பாத்துக்கற மத்திய அரசு ஆபீஸ்) குடுக்கற ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் இருக்கணும், அத டிஜி ஷிப்பிங் சைட்லயே செக் பண்ணலாம். வேலை வாங்கிக் குடுக்கறதுக்குன்னு மாலுமிகிட்ட காசு வாங்கவே கூடாதுன்னு 2006 கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்துலயே இருக்கு, இந்தியாவும் அதுல சேர்ந்த நாடு. மெடிக்கல், பாஸ்போர்ட், சிடிசி (மாலுமி அடையாள புக்கு), எஸ்டிசிடபிள்யூங்கற கப்பல் சேஃப்டி ட்ரெயினிங், இதுக்கு நம்ம கைக்காசு ஆகும், அதுக்குமேல ஒன்றரை லட்சம் எதுக்கு? எங்க பேட்ச்ல ஒருத்தன் அட்வான்ஸ் குடுத்துட்டான், இன்னும் ஃபோன் பண்ணிட்டே இருக்கான்.

ஸ்டார் போடணும்னா சாருக்கு 5, மத்த எல்லாத்துக்கும் சேர்த்து 2. சேரலாமா வேணாமான்னு கேட்டா, டெமோ கிளாஸுக்கு போங்க, ஃபீஸ் பேசறதுக்கு முன்னாடி சிங்க் எங்க இருக்குன்னு பாருங்க. தண்ணி வசதியே இல்லாத பார் ரூம்னா எழுந்து வந்துடுங்க. ஒரு பேட்ச்ல எத்தன பேர், ஸ்டேஷன் எத்தன, நிஜ சரக்கு எத்தன நாள்னு கேளுங்க, போன பேட்ச் ஆளுங்க ரெண்டு பேர் நம்பர் கேளுங்க, குடுக்க தயங்கினா உங்களுக்கே புரிஞ்சிடும். கைல காசு இல்லன்னா நேரா பார்பேக்கா சேர்ந்துடுங்க, எங்க சீனியர் அண்ணன் எந்த கோர்ஸும் பண்ணல, எனக்கு 6 வாரத்துல வராதது அவருகிட்ட நின்னு 2 மாசத்துல வந்துச்சு. ஆனா கிளாஸ் தொடைக்கறது சார்கிட்ட கத்துக்கிட்டுப் போகலன்னா அந்த கதவே தொறந்திருக்காதுங்கறதும் உண்மை, அதான் இந்த ரிவ்யூவ ஒரே பக்கமா எழுத முடியல.

அப்புறம் அந்த பெக் மெஷர். விடாம நாலு தடவை போய் கேட்டேன், கடைசில "சரி சார் இந்தாங்க"ன்னு வேற ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து தராசுல வச்சேன், 33. பழசு 27, புதுசு 33. கூட்டிப் பாத்தா ஆவரேஜ் கரெக்டா 30.

அம்மா இப்ப 33அ ரசப்பொடி டப்பால போட்டு வச்சிருக்காங்க.